இதரக் குறிப்புகள்

பெருநாளின் முதல் காலை.
தெனிஸ்லி முழுக்கக் கறி வேகும் வாசனை.
நான் மட்டும் துண்டு நெய்யும் ஆலையின்
டிரான்ஸ்பார்மர் அறையில் குந்தியிருக்கிறேன்,
ரப்பர் கையுறைக்குள் விரல்கள் வியர்க்க.

நூற்றுப் பன்னிரண்டு தறிகள்.
ஒன்றுகூட ஓடவில்லை.
மீட்டரோ இருநூற்றுப் பத்து கிலோவாட் என்கிறது.
ஆளில்லாத வீட்டில்
யாருக்கு உலை கொதிக்கிறது?

என் தொழிலுக்கு இப்படியொரு நாள் வேண்டும்.
ஆலை வாயை மூடினால்தான்
அதன் மூச்சு கேட்கும்.
ஸ்ஸ்ஸ்.
மூன்றாம் வரிசைக்குப் பின்னால், மிளகளவு துளை.
ஸ்ஸ்.
கூரையோரக் குழாயின் இணைப்பில் இன்னொன்று.
இந்த மிளகுகளுக்குத் தீனி போடத்தான்
கம்ப்ரசர் விடிய விடிய இரைத்திருக்கிறது.
துளைக்கொரு மஞ்சள் அட்டை கட்டினேன்.
அறுபத்தேழு.
காவலாளி ரெஃபிக் தேநீரோடு வந்து பார்த்தார்:
"நெவ்ரா ஹனும், தறிக்கெல்லாம்
பெருநாள் உடுப்பா?"

போன வாரம், ஆலை ஓடிய நாளில்,
விளக்குப் பலகையின் நியூட்ரல் கம்பியைத்
தொட்டுப் பார்த்தது கிளாம்ப் மீட்டர்.
பாடப்புத்தகத்தில் அது சும்மா இருக்கும் கம்பி.
மூன்று ஃபேஸும் தம் கணக்கைத்
தமக்குள் தீர்த்துக்கொள்ள,
அதற்கு மிஞ்சுவது பூஜ்யம்.
ஆனால் இந்தக் காலத்து விளக்குகள்
கரண்டைக் குடிப்பதில்லை, கடிக்கின்றன.
கடித்துத் துப்பிய மூன்றாம் ஹார்மோனிக்குகள்
ஒன்றையொன்று கழித்துக்கொள்ளாமல்
கைகோத்துக் கூடிவிடுகின்றன,
சும்மா இருந்தவன் தலையில்.
நூற்று நாற்பது ஆம்பியர்.
கம்பியின் உறை பழுப்பேறிப் பொரிந்திருந்தது.

இனி அந்தக் கோப்பு.
இரவு இரண்டு நாற்பதுக்குத் தறிகள் நிற்கின்றன, இழை அறுகிறது,
மின் நிறுவனமே நட்டஈடு தரவேண்டும் என்று
மேலாளர் ஹலூக் பே எழுதிய கடிதம்.
அதற்கடியில் இன்னொரு தாள், நான்கு மாதம் பழையது:
துர்சுன் அலி, இரவு ஷிஃப்ட்,
பணியில் தூங்கினார், நீக்கப்பட்டார்.

அவர் போனபிறகும் தறி நின்றது.
அதன்பிறகே நிறுவனத்தின்மேல் சந்தேகம்.

ஒன்பது இரவுகள் என் ரெக்கார்டர் விழித்திருந்தது.
02:40.
நானூறு வோல்ட் முந்நூறுக்குக் கீழே,
முக்கால் நொடி,
மறுபடி நானூறு.
வோல்ட் விழும் அதே கணம்
கரண்ட் எகிறுகிறது.
பழுது வெளியே என்றால் படம் வேறுமாதிரி இருக்கும்.
இது உள்வீட்டுத் திருடன்.

உலர்த்திக் கூடத்துப் பெரிய விசிறி.
விடியல் ஷிஃப்டுக்குள் சூடேறட்டும்,
இரவுக் கட்டணமும் மலிவு என்று
டைமரைத் திருகிவைத்த கை ஹலூக் பேயுடையது.
மெல்லத் தொடங்கவைக்கும் கருவி
பக்கத்துச் சுவரோரம்,
பெட்டிகூடப் பிரிக்காமல்.

அறிக்கையில் கட்டங்கள் உண்டு.
காற்றுக் கசிவு: இத்தனை யூனிட்.
நியூட்ரல்: மாற்றுக, வடிகட்டி வைக்க.
விசிறி: பெட்டியைப் பிரிக்க.
செலவு எத்தனை மாதத்தில் திரும்பும் என்றும் ஒரு கட்டம்.
நான்கு மாதச் சம்பளத்துக்குக்
கட்டம் இல்லை.

தறிகளுக்கும் நினைவு உண்டு, எண்ணாலான நினைவு.
எழுபத்தொன்றாம் தறியின் பதிவை இறக்கிப் பார்த்தேன்.
நிறுத்தம் 02:40.
அறுந்த இழை முடிச்சிடப்பட்டு மறுபடி ஓட்டம் 02:43.
அவர் வேலையிலிருந்த கடைசி வாரம்,
ஆறு இரவும் அப்படியே.
தூங்குகிறவன் மூன்று நிமிடத்தில்
முடிச்சுப் போடுவானா?

இதரக் குறிப்புகள் என்ற இடத்தில் அதை எழுதினேன்.

ஹலூக் பே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"இது மின்சார விஷயமில்லையே,
இந்த வரியை எடுத்துவிடலாமே."
"மின்சார விஷயம்தான்" என்றேன்.
எடுக்கவில்லை.

துர்சுன் அலி இப்போது ஹோனாஸில்
மைத்துனன் தோட்டத்தில் செர்ரி பறிக்கிறாராம்.
ரெஃபிக் சொன்னார். தொலைபேசி எண்ணும் தந்தார்.
என் கட்டணத்தின் இரண்டாம் தவணை
இன்னும் வரவில்லை.