கெர்னல்

ஆலை வேண்டாமென்று தள்ளிய ஐந்து கணினிகளில் ஒன்று.
எண்பது வெள்ளி.
மூடியில் இன்னும் சொத்து எண் ஒட்டியிருக்கிறது,
சுரண்டினால் பசை மட்டும் நகத்தில் ஏறுகிறது.
பழைய விண்டோஸைத் தட்டிவிட்டு
பசியாறி, துணி காயப்போட்டு வந்தாலும்
வட்டம் சுற்றிக்கொண்டுதான் இருக்கும்.

போன் கடை வெய் லூன் ஒரு பெண்டிரைவ் தந்தான்.
‘ச்சுபா லா, அக்கா. காசு வேண்டாம்.’
காசு வேண்டாத பொருள் என்றால்
லாபிஸில் யாருக்கும் சந்தேகம் வரும்.
எனக்கும் வந்தது.

இரவு பத்தரை. கார் கொட்டகைத் தகரத்தில் மழை.
எந்த மொழி என்றது. மலாய் என்றேன்,
அலுவலகப் பழக்கம்.
கறுப்புத் திரையில் ஒரு சின்னக் கோடு
துடித்துக்கொண்டு நின்றது,
ரசீதுக்கு நிற்கும் லாரிக்காரன் மாதிரி.

கடவுச்சொல் கேட்டது.
அடித்தேன். ஒன்றும் விழவில்லை,
நட்சத்திரமில்லை, ஒரு புள்ளிகூட இல்லை.
விசைப்பலகை செத்ததென்று
கவிழ்த்து உதறியதில்
ரொட்டித் துகள் கொட்டியது, எந்தக் கிராணி தின்றதோ.
பிறகுதான் புரிந்தது:
தலையாட்டாமல்
கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

கேட்டுவிட்டுச் சொன்னது:
உனக்கு அனுமதி இல்லை.
இந்தச் சம்பவம் அறிக்கையிடப்படும்.
யாரிடம்?
வீட்டில் நானும் பல்லியும்தான்.
துருவிப் பார்த்தால் மானேஜரும் நானே,
புகார் போய்ச் சேரும் இடமும் நானே.
எனக்கு நானே அனுமதி எழுதிக்கொண்டேன்.
ஒன்பது வருடத்தில் முதல் தடவை.

கணக்குத்தாள் ஒன்று போதும் என்றேன்.
அதற்கு நாற்பத்தேழு பேர் கூட வரவேண்டுமாம்.
ஒருவரைக் கல்யாணத்துக்கு அழைத்தால்
வேனில் வந்து இறங்கும் சிகாமட் சொந்தம்.
எழுத்துரு, அகராதி, ஏதோ நூலகம்,
நூலகத்துக்கு ஒரு நூலகம்.
பாதிப் பெயர்கள் லிப் லிப் என்று தொடங்குகின்றன,
பங்காளிகள் போலும்.
எல்லாம் ஒரே கிடங்கிலிருந்து.
பச்சைப் பொத்தானா, பக்கத்துப் பொத்தானா,
எதில் வைரஸ் என்ற பயமில்லை.
ஆனால் ஓர் எழுத்து விட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.
எடைச்சீட்டில் ஒரு பூஜ்யம் விட்டு
அரைநாள் சம்பளம் இழந்தவள் நான்.
அதில் எனக்குக் கோபமில்லை.

கெர்னல் புதுப்பிக்கப்படுகிறது என்றதும் சிரித்துவிட்டேன்.
எனக்குத் தெரிந்த கெர்னல்
செம்பனைக் கொட்டையை உடைத்தால்
உள்ளே கிடக்கும் பருப்பு.
லாரி மேடையேறும், எண் ஓடும், நடுங்கும், நிற்கும்.
கையெழுத்து நான்.
மார்ச் மாதம் ஒரு கேமரா வந்து
அதுவே பார்த்து அதுவே எழுதிக்கொண்டது.
இந்தக் கெர்னலுக்கு எடையில்லை, எண்ணெய் வாடையில்லை.
புதுசு வந்தபிறகும்
பழசைப் பக்கத்திலேயே வைத்திருக்குமாம்,
புதுசு சொதப்பினால் அதைப் பிடித்து எழும்ப.
ஆலைக்கு அந்த யோசனை வரவில்லை.

கடைசியில் ஒரு பட்டியல்.
இவை தாமாக வந்து சேர்ந்தவை, இனித் தேவையில்லை.
மலாயில் பார்த்தால்
என் கடிதத்தில் இருந்த அதே மூன்று சொற்கள்:
தீடாக் டிப்பெர்லுக்கான் லாகி.
நீக்கவா?
ஆமாவுக்குப் பெரிய எழுத்து,
இல்லைக்குச் சின்னது.
சின்னதை அழுத்திவிட்டுப் படுத்தேன்.

மூன்று வாரத்தில் வட்டு நிறைந்து சிவப்புக் காட்டியது.
பட்டியல் நீண்டிருந்தது,
மூன்றாவதாக ஒரு பழைய கெர்னல்.
பெரிய எழுத்து.
அறுநூற்று நாற்பது மெகாபைட் திரும்பி வந்தது.
எதுவும் நிற்கவில்லை.
விசிறி முன்போலவே இரைந்தது.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்,
ஏதாவது உடையட்டும் என்று.

அப்புறம் அந்த இடத்தில் தமிழ் விசைப்பலகையை இறக்கி
தீபாவளிப் பட்டியலைத் தொடங்கினேன்:
அச்சு முறுக்கு, போத்தல் பதினெட்டு வெள்ளி.
ஓமப்பொடி பதினாறு.
நெய் உருண்டை, கேட்டால் மட்டும்.