எண் நாற்பத்து மூன்று

இரவு ஒன்பது நாற்பது.
புக்கிட் பாத்தோக்கில் மழை.
எதிர் புளோக்கின் கீழ்த்தளத்தில்
பூனை ஒன்று தும்முகிறது.
அதற்கு நான் எதுவும் எழுதித் தர வேண்டியதில்லை.

நாற்பத்து மூன்றாம் எண் உள்ளே வருகிறார்.
கொளஞ்சிநாதன். கப்பல் பட்டறை வெல்டர்.
நான்கு நாளாகத் தொண்டை வலி.
"நாளன்னைக்கு ஃப்ளைட் டாக்டர்,
தங்கச்சி கல்யாணம்."

நாக்கை அழுத்துகிறேன். விளக்கொளியில்
சிவப்பு. வெறும் சிவப்பு.
சீழ் இல்லை, கழுத்தில் நெறி கட்டவில்லை,
மூக்கு ஒழுகுகிறது, இருமுகிறார்.
வைரஸ் தன் கையெழுத்தைத்
தெளிவாகவே போட்டிருக்கிறது.

எனக்குத் தெரியும்.
தெரிவதற்கும் எழுதுவதற்கும் நடுவே
ஒரு மேசை அகலம்தான்.
அதில்தான் எத்தனை பேர்!
"பனடோல் தர ஒரு டாக்டரா" என்று
ஒற்றை நட்சத்திரம் குத்திவிட்டுப் போனவர்,
இரண்டு புளோக் தள்ளி
கேட்டதைக் கொடுக்கும் இன்னொரு கிளினிக்,
வெளியே கால் மாற்றி நிற்கும் நாற்பத்து நான்கு.
விளக்கிச் சொல்ல எட்டு நிமிடம்,
எழுதிக் கொடுக்க எட்டு வினாடி.

அப்புறம் நுஃபைசா. மூன்று வயது.
ஆறு வருடத்துக்கு முந்தைய ஒரு வியாழக்கிழமை
"சளிதான்" என்று அனுப்பிவைத்தேன்.
சனிக்கிழமை ஆஸ்பத்திரியில், நிமோனியா.
பிழைத்துக்கொண்டாள். பள்ளிக்கூடம் போகிறாள்.
என் பேனாவை மட்டும்
இன்னும் விடவில்லை.

"பயப்பட ஒண்ணுமில்லை" என்று சொல்லிக்கொண்டே
பயந்து எழுதினேன்:
அமோக்சிசிலின், ஏழு நாள், சாப்பாட்டுக்குப் பின்.
வேண்டுமா என்று கேட்கவில்லை.
முகத்திலேயே படித்துவிட்டதாக நினைப்பு.

பத்தேகாலுக்கு மெஹருன்னிசா கல்லாவை மூடுகிறாள்.
முகப்பில் ஒரு பொட்டலம், பிரிக்காமல்.
"அந்த வெல்டர் வாங்கிக்கலை டாக்டர்.
அவங்க அப்பாவுக்குத் தொண்டையிலதான்
புற்று வந்துச்சாம். அதான் பயந்துட்டாராம்.
டாக்டர் பார்த்துட்டாங்க,
ஒண்ணுமில்லேன்னுட்டாங்க, அது போதும்னார்.
எம்சி கூட வேணாம்னுட்டார்."

மாத்திரைகளை இழுப்பறையில் திருப்பி வைக்கிறேன்.
பதிவில் அந்த வரியை நீக்கப் போனால்
கணினி காரணம் கேட்கிறது,
கட்டாயம் நிரப்ப வேண்டிய கட்டம்.

கொடுத்தபோது கேட்கவில்லை.