ஏழாவது கிண்ணம்

சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு
பேவியூ முழுக்கக் கரண்ட் போயிற்று.
அட்டவணைப்படி பத்தரைக்கு வந்திருக்க வேண்டும்.

நான் கழுவுகிறேன். தெம்பேக்கா டார்ச் பிடிக்கிறாள்.
ஏழு கிண்ணம். ஏழு செட் பல்.
ஒவ்வொரு கிண்ணத்திலும் பிளாஸ்டர் ஒட்டி
நீல மையில் பெயர் எழுதியிருந்தோம்.
நனைந்த பிளாஸ்டர்கள் ஒவ்வொன்றாய் உரிந்து
தொட்டித் துவாரம் நோக்கிப் போனதை
இருவருமே பார்க்கவில்லை.
ஐந்தாம் படுக்கையில் மணி அடித்தது. மூத்திரப் பை.
ஓடிப்போய் வந்தபோது
வைத்தது வைத்தபடியே இருப்பதாகத்தான் நினைத்தேன்.

ஜேக்கப்ஸ் செருப்பு ஃபாக்டரியில் பதினெட்டு வருஷம்
இடதையும் வலதையும் ஜோடி சேர்த்தவன்.
ஒருநாளும் மாற்றியதில்லை.
பல்லில் இடது வலது கிடையாது.

ஞாயிறு காலை மீலி கஞ்சி.
கஞ்சிக்குப் பல் வேண்டாம்தான்,
ஆனால் பல்லில்லாமல் மிஸஸ் ரங்கசாமி
யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை.
அன்று சொன்னார்.
வாயைவிட்டு வரும்போது அது
‘வழக்கம்’ ஆகியிருந்தது.

மூட்லி சிரித்தார். சிரிப்பு அவருடையதல்ல.
அத்தனை வெள்ளை, அத்தனை வரிசை,
கேப் டவுன் மகன் பணம் அனுப்பி
செட்டி கட்டிக்கொண்ட சிரிப்பு அது.
செட்டியோ கண்ணாடி முன் நின்று
மேலும் கீழும் பார்த்துவிட்டு
“இது யாரோட அப்பா?” என்றார்.

தெம்பேக்கா மேசையில் தலைவைத்துச் சிரித்தாள்.
எனக்கு வயிறு கலங்கியது.
பத்து மணிக்கு மேனேஜர் கோகிலா வந்துவிடுவார்.

கையுறை மாட்டி ஒவ்வொருவர் முன்னும் முட்டிபோட்டு
வாயைத் தொறங்க ஐயா,
கடிக்காதீங்கம்மா,
வெந்நீரில் கழுவி அடுத்த வாய்,
பொருந்தாமல் மறுபடி கழுவி முந்தைய வாய்.
ஈறு சிவந்தவர்களுக்குத் துளி கிராம்பு எண்ணெய்.
குழந்தைகள் மாதிரி என்று சொல்லிவிடலாம்.
இல்லை.
எந்தக் குழந்தையின் வாயிலும்
இத்தனை ஊர்ப்பெயர் இருக்காது,
இத்தனை வசவும் இருக்காது.

ஒன்பதே முக்காலுக்கு ஐந்து வாய் சரியாயிற்று.
இருப்பவர்கள் ஆறு பேர்.

ஏழாவது கிண்ணம் மங்களம் படையாச்சியுடையது.
அவர் போய்ப் பதினொரு நாள்.
ராத்திரியில் போனவர், பல் கிண்ணத்தில் இருந்தது.
விடிந்ததும் வந்த மகள்
வளையலைக் கேட்டாள், கைப்பையைக் கேட்டாள்,
பென்ஷன் அட்டையைக் கேட்டாள்.
நாங்களும் சொல்லவில்லை.
தினமும் தண்ணீர் மட்டும் மாற்றினோம்.

மிச்சமிருந்தவர் நாய்க்கர்.
ஜன்னலோரம், அவருடைய வழக்கமான நாற்காலி.
எதிர் நாற்காலியை யாரும் இன்னும் நகர்த்தவில்லை.
ரஸ்க்கை டீயில் ஊறவைக்காமல்
கடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.
கடிபடவில்லை.

“ஐயா, இது உங்களுக்குச் சின்னது.”
“தெரியும்.”
“புண்ணாயிடும்.”
“தெரியுதுன்னு சொல்றேன்ல.”

யாருடையது என்று தெரியுமா?
கேட்க வாயெடுத்தேன்.
அவர் டீக்குள் மூன்றாவது கரண்டி சர்க்கரை போடப்போய்
நின்றார்.
டப்பாவை மூடி
மேசையின் அந்தப் பக்கமாகத் தள்ளிவைத்தார்,
இரண்டு வருஷமாய் இன்னொரு கை
பிடுங்கி வைத்துக்கொண்ட இடத்தில்.

மேனேஜர் வந்தார். எல்லாம் சரியா என்றார்.
தெம்பேக்கா என்னைப் பார்த்தாள்.
சரி மேடம்.

மத்தியானம் பீன்ஸ் கறிக்கு முன்
நாய்க்கர் கைக்குட்டையில் சுற்றி நீட்டினார்.
ஈறில் நகக்கீறல் போலச் சிவப்பு.
எண்ணெய் தடவிவிட்டேன், எரிந்திருக்கும்,
முகம் சுளிக்கவில்லை.
அவருடைய பல்லை மாட்டிக்கொண்டு
நாக்கால் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“இன்னைக்கு எத்தனை மணிக்குக் கரண்ட் போகும்?”