எதிர்பார்க்கும் மதிப்பு

வெள்ளிக்கிழமை கடைசி மணி மதிப்புக் கல்வி.
இரண்டு கிரெடிட். வேதியியல்காரி எனக்கு
வாரத்தில் ஒரு மணி காலியாயிருந்ததால்
என் தலையில் வந்து விழுந்தது.

அறுபத்திரண்டு பேர். பாதிப் பேர் கண்ணில்
ஈரோட்டு பஸ்.
முதல் பத்து நிமிடம் கண்மூடல்,
ஸ்பீக்கரில் ஒரு புல்லாங்குழல் கரகரக்கும்.
பிறகு வாய்மையின் வகைகளை நான் சொல்ல
அவர்கள் எழுதிக்கொள்வார்கள்.
நான்காவது வகைக்குள் மணி அடித்துவிடும்.

ஐப்பசியில் இன்டர்னல் தேர்வு.
கேள்வி ஏழு: நேர்மை, வரையறு. இரண்டு மதிப்பெண்.
பெருந்துறையில் மழைக்குக் கரண்ட் போன இரவு
செல்போன் வெளிச்சத்தில் தாள் திருத்தினேன்.
எல்லோருக்கும் ஒரே வரையறை,
என் குறிப்பிலிருந்த எழுத்துப்பிழை உட்பட.

தமயந்தி வரையறுக்கவில்லை.
"ஏழுக்குப் பதில் தெரியுங்க மேடம்.
அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லோணும்.
ஆவணி மாசம் லேப்ல, ஹாஸ்டல் போர்த்தண்ணிக்கு
கடினத்தன்மை நானூத்தி இருபதுன்னு எழுதினனுங்க.
அது எனக்கு வந்ததில்லீங்க.
மூணு தடவ பாத்தும் ஆயிரத்தி நூறுக்கு மேலதான் வந்துச்சு.
சிவப்புல சுழிச்சுப்போடுவீங்கன்னு பயந்து
சீனியரக்கா நோட்டப் பாத்து எழுதிட்டனுங்க.
அவங்க, அவங்க சீனியரப் பாத்து."

திங்கட்கிழமை அலமாரியைத் திறந்தேன்.
ஆறு வருட ரெக்கார்டுகள், எறும்புப்பொடி வாசம்.
நானூற்று இருபது. நானூற்றுப் பதினெட்டு. நானூற்று இருபது.
ஒவ்வொன்றின் கீழும் என் கையெழுத்து.
சில இடங்களில் 'நன்று'.

இந்த ஆறு வருடத்தில் இரண்டு மழை பொய்த்தது,
போர் இன்னும் இருநூறு அடி கீழே போனது,
வாளிகளில் வெள்ளை படிந்தது,
முடி கொட்டுதென்று பிள்ளைகள் ஷாம்பு மாற்றினார்கள்.
நோட்டில் மட்டும் தண்ணீர் அப்படியே இருந்தது.

இதைச் சொல்லிக்கொடுத்தது நான்.
திங்கள் முதல் வியாழன் வரை,
புல்லாங்குழல் ஏதும் இல்லாமல்,
ஒரு சிவப்புப் பேனாவால்.

ஹாஸ்டல் குழாயில் பிடித்துவரச் சொல்லி
நானே பியூரெட்டை நிரப்பினேன்.
ஜன்னலில் சென்னிமலை, பாதி மேகத்துக்குள்.
ஒயின் சிவப்பு. சொட்டு. சிவப்பு. சொட்டு.
கடைசிக்கு முந்தின சொட்டில் ஊதா தட்டும்.
அங்கே கை தானாக நிதானிக்கும், மூச்சு நிற்கும்,
அவிநாசியில் விட்டுவந்த சண்டைகூட மறந்துபோகும்.
வெள்ளிதோறும் கண்ணை மூடச்சொல்லி நான் தேடியது
பதினேழு வருடமாக இந்த மேசைமேல்
கண் திறந்தபடி கிடந்திருக்கிறது.
நீலம்.

ஆயிரத்து நூற்று எண்பது.

துறைத்தலைவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.
"ரீடிங் தப்பா இருக்கும், இன்னொருக்கா பாருங்க."
பார்த்தேன்.
"கமிட்டி வர்ற நேரத்துல இதெதுக்குங்க இப்ப?"
எதிர்த்துப் பேசும் தைரியம் எனக்குக் கொஞ்சம் கம்மி.
எண்ணை மட்டும் அடிக்கவில்லை.

தமயந்தியின் பதிலுக்கு விடைக்குறிப்பில் இடமில்லை.
இரண்டுக்கு இரண்டு போட்டேன்,
அது ஒரு கணக்கா என்று தெரியாமல்.

அடுத்த வெள்ளி கடைசி மணி எல்லோரையும்
லேபுக்கு வரச்சொன்னேன், வீட்டுத் தண்ணீரோடு.
அந்தியூர்க் கிணறு வந்தது. காங்கேயத்து போர்.
கொடுமுடி ஆற்றுக் குழாய். மறந்துபோன ஒருவன்
பஸ் ஸ்டாண்டில் இருபது ரூபாய்க்கு வாங்கியது.

"எவ்வளவுங்க மேடம் வரோணும்?"
பென்சிலைக் காதில் செருகியபடி கேட்டான் குமரகிரி.

"தெரியலப்பா" என்றேன்.
பென்சிலை வாங்கிக்கொண்டு
பேனாவைக் கொடுத்தேன்.