மூன்று கண்

மூணாறு தலைப்பில் எனக்கு இரவுப் பணி.
வெண்ணாறு இங்கே வந்துதான்
பாமணி, கோரையாறு, தன் பெயரிலேயே ஒன்று என
மூன்றாகிப் போகும்.
மணிக்கொரு தரம் டார்ச் அடித்து
கல்லில் எழுதிய எண்ணைப் படிக்க வேண்டும்.
ஏ.இ. சொன்னால் ஷட்டரை ஏற்ற வேண்டும்,
சொன்னால் இறக்க வேண்டும்.
மிஞ்சும் ஐம்பது நிமிடத்தில்
ஒரு கிறிஸ்துமஸ் மரம் பின்னுகிறேன்.

தொடங்கியது பிலோமி.
கல்யாணமாகி எங்களுக்கு முதல் டிசம்பர்.
விழுந்தமாவடியில் அவள் வீட்டில்
சவுக்கில் ஒரு கிளை ஒடித்து
பெயிண்ட் டப்பா மணலில் நட்டால் போதும், மரம்.
நீடாமங்கலத்தில் சவுக்குக்கு எங்கே போக?
நாலு கண் போட்டு மூன்று தரம் அவிழ்த்தாள்.
"ஒங்க மாரியம்மன்கூட இவ்ளோ சோதிக்கல"
என்று நூல்கண்டை என் சாப்பாட்டுப் பையில் எறிந்துவிட்டு
திருவாரூர் பெரியாஸ்பத்திரிக்கு
அவளும் இரவுப் பணிக்குக் கிளம்பிப் போனாள்.

சத்தத்தை அணைத்துவிட்டு போனில் பார்த்தேன்.
யாரோ ஒருத்தியின் கைகள் மட்டும்,
மோதிரமில்லாமல், அவசரமில்லாமல்.
இந்த மரம் நுனியிலிருந்து வளர்கிறது.
முதலில் ஒரு வளையம். அதில் ஆறு கண்.
பிறகு ஒரு கண்ணுக்குள் இரண்டு.
விரிந்து விரிந்து கீழே வருகிறது.

இதை எங்கோ பார்த்திருக்கிறேனே.
ஆபீஸ் சுவரில், ஈரம் பூத்த பாசன வரைபடம்:
கல்லணையில் ஒரு நுனி,
ஒன்று இரண்டாகி, இரண்டு ஐந்தாகி,
கடல்வரைக்கும் அகலும் பச்சை.
மேற்கை மேலே திருப்பி மாட்டினால்
மரமேதான்.

கடைத்தெருவில் கரும்பச்சை இல்லை.
கிடைத்தது, நட்டு இருபதாம் நாள் சம்பாவின் பச்சை.
அந்தப் பச்சையை இந்த வாரம் நூலில்தான் பார்க்கலாம்.
வயலெல்லாம் தண்ணீர் நிற்கிறது.
பகலில் கோரையாற்றுக்காரர்கள் வந்தார்கள்:
"எறக்குய்யா, முங்குது."
பின்னாலேயே பாமணிக்காரர்கள்:
"அங்க எறக்குனா எங்க தலையிலதான வரும்?"
இரண்டு பேர் சொல்வதும் நிஜம்.
என் கையில் இருப்பது ஒரு இரும்புச் சக்கரம்.

பன்னிரண்டு மணிக்கு போன்.
"எவ்ளோ போவுது இளவழகா?"
"இருபத்தி நாலு சார்."
அந்தப் பக்கம் மூச்சே இல்லை.
"இருபத்தி நாலு அடியா? பாலம் இருக்காய்யா?"
ஊசியைக் காதில் செருகிக்கொண்டு
மழைக்குள் ஓடினேன்.
கல்லில் ஆறரை.
"ஆறரை சார். மழைச் சத்தத்துல..."
"என்ன குடிச்ச?" என்றார்.
"டீ சார்."

திரும்பி வந்தால் நூல் செருப்பில் சிக்கி
இரண்டு சுற்று அவிழ்ந்து வாசல்வரை கிடக்கிறது.
மறுபடி எண்ணினேன். வாய்க்குள் எண்ணினேன்.
விரலில் ஷட்டர் கிரீஸ்;
ஏழாம் சுற்றில் ஒரு கறுப்பு.
அதை அவிழ்க்கவில்லை.
சவுக்கிலும் காய் உண்டு.

உள்ளே திணிக்கப் பஞ்சு இல்லை.
கரை உடைப்புக்கு வந்த சாக்குகளில்
எலி கடித்த ஒன்றைக் கிழித்துத் திணித்தேன்.
விடிகிற நேரம் மேசையில் நிறுத்தினேன்.
கிழக்கே சாய்ந்து நின்றது,
இங்கே எல்லாம் சாய்கிற பக்கம்.

எட்டு மணிக்கு மழைக்கோட்டோடு வந்தாள்.
ஃப்ரிட்ஜ் மேல் இருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
சாய்ந்த பக்கத்தைச் சுவரோடு ஒட்டினாள்.
"சவுக்கு இல்ல. வைக்கப்போரு."
பிறகு பையைத் துழாவி
மருந்துக் குப்பியின் வெள்ளி மூடி ஒன்றை எடுத்து
நான் இறுக்க மறந்திருந்த முதல் வளையத்தில்
செருகினாள். நின்றது.

"எத்தன அடி?" என்றாள், தலையைத் துவட்டிக்கொண்டே.
"ஆறே கால்."
"எறங்குது" என்றாள்.
பாதி சொல்லும்போதே தூங்கிப்போனாள்.
துண்டு தலையிலேயே இருந்தது.