பொறு

மார்ச் பிறந்துவிட்டால்
ஷார்ஜா முழுக்க எங்களைக் கூப்பிடும்.
"வெயில் வர்றதுக்குள்ள ஏசியை ஒரு தடவை பார்த்துடுங்க."
எனக்கு இளவேனில் என்பது
மொட்டைமாடிகளில் முட்டி போட்டு
அடுத்தவர் வீட்டுத் தூசியைக் கழுவுகிற ஆறு வாரம்.
ரவுண்டானாவில் நகராட்சி விரித்த பெட்டூனியாப் பூக்களை
சிக்னல் சிவப்பாக இருக்கும்வரை பார்ப்பேன்.

எங்கள் வீட்டில் ஏசி அணைந்து மூன்று மாதம்.
உறுமல் இல்லாததால்
ஒருவரையொருவர் கேட்க முடிகிறது:
கிளினிக்கிலிருந்து வந்த பெல்சி
வாடகைச் செக், ஸ்கூல் பஸ் என்று
பல்லிடுக்கில் போடும் கணக்கு,
மேல்வீட்டு மிக்சி,
ஜோவின் தூக்கத்தில் உதடு சப்புவது.
கோடையிலும் இதெல்லாம் இருந்திருக்கும்தான்.

பால்கனியில்
பக்கச் சக்கரம் ஒன்று கழன்ற சைக்கிளுக்கு மேலே,
அவுட்டோர் யூனிட்டின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவே
ஒரு புறா.
கூடு என்று சொல்ல முடியாது.
மூன்று கேபிள் டை, ஒரு ஜூஸ் ஸ்ட்ரா,
உடைந்த துணிக்கிளிப்பின் கம்பி,
பேருக்கு இரண்டு வேப்பங்குச்சி.
அதன்மேல் இரண்டு முட்டை.

குருத்தோலை ஞாயிறன்று
ரெனிஷா ஓலைச் சிலுவை ஒன்றைக் கொண்டுபோய் வைத்தாள்.
புறா அதன்மேல் எச்சமிட்டது.

மளிகைக்கடை நாட்காட்டியில்
பதினெட்டுக் கட்டம் எண்ணி
மஞ்சள் ஸ்கெட்ச்சால் வட்டம் போட்டாள்.
"பதினெட்டு நாள்னு உனக்கு யாருப்பா சொன்னா?"
யாரோ சொன்னார்கள் என்றேன்.

போன வருஷம் அல் தாவுனில் ஒரு கட்டடம்.
வீட்டுக்காரர் எடுக்கச் சொன்ன கூடு கையில்.
எகிப்துக்காரக் காவலாளி எட்டிப் பார்த்து,
"பதினெட்டு நாள், அவ்வளவுதான்" என்றார்.
கையுறையைத் தாண்டியும் சூடு தெரிந்தது.
அன்றைக்கு இன்னும் நான்கு யூனிட் பாக்கி இருந்தது.

ஜோவினுக்கு இரண்டு வயது. புறா என்று வராது.
பொறு என்பான்.
கண் திறந்ததும் பொறு.
ஜட்டி போடாமல் ஓடிப்போய்
கண்ணாடியில் மூக்கைச் சப்பையாக்கி, பொறு, பொறு.
"உங்களுக்குத்தான் சொல்றான், கேளுங்க" என்பாள் பெல்சி.

ஏப்ரல் பாதியில் காற்று குணம் மாறியது.
கட்டடம் முழுக்க யூனிட்டுகள் ஓடி
நடைபாதை சொட்டுச் சொட்டாய் நனைகிறது.
ஓடாதது ஒன்றே ஒன்று,
ஏசி மெக்கானிக் வீட்டினுடையது.
ரிமோட்டின் பேட்டரி ரெனிஷாவின் பென்சில் டப்பாவில்.

ஒன்று பொரித்தது.
மஞ்சள் ரோமம், அலகு மட்டும் பெரியவர்களுடையது;
இவ்வளவு அசிங்கமான குழந்தையை
இவ்வளவு ஆசையாய் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.
மற்றொன்று வரவில்லை.
ரெனிஷா மேலும் கட்டங்களை எண்ணுகிறாள்;
தாள் புரட்டி மே மாதத்துக்குப் போய்விட்டாள்.
எல்லோரும் தூங்கிய பிறகு
விரல் நுனியால் அந்த முட்டையைத் தொட்டுப் பார்த்தேன்.
அதை அவளிடம் சொல்ல
இன்னும் ஒரு நல்ல நேரம் வாய்க்கவில்லை.

நேற்று அஜ்மானில், ஒன்பதாவது மாடியில், இன்னொன்று.
அட்டைப் பெட்டிக்கு மாற்றி
இரண்டடி தள்ளி வைத்தேன்.
தாய் வந்ததா தெரியாது;
அடுத்த வீட்டிலிருந்து போன் வந்தது, கிளம்பிவிட்டேன்.
வீடு வந்ததும்
"இன்னிக்கு யார் வீட்டு ஏசிப்பா? அங்க புறா இருந்துச்சா?"
இருந்தது என்றேன். கை கழுவப் போனேன்.

ராத்திரி.
நின்று சுழலும் ஃபேன் நால்வருக்கும் முறை வைத்துக் காற்றைத் தருகிறது.
முறைக்கு நடுவே ஜோவின் நெற்றியில் வியர்வை,
தலைமுடி நனைந்து ஒட்டிக் கிடக்கிறது.
எழுந்து பென்சில் டப்பா இருக்கும் பையைப் பார்த்தேன்.
கண் திறக்காமல் அவன் சொன்னான்:
பொறு.

எதைச் சொன்னான் என்று கேட்கவில்லை.
ஈரத் துண்டைத் திருப்பிப் போட்டேன்.