இருநூற்று நான்காம் பக்கம்

சம்மாந்துறை அரிசி ஆலையின்
லொறித் தராசில் எனக்கு வேலை.
நெல்லோடு ஒருதரம், நெல்லில்லாமல் ஒருதரம்
லொறி ஏறி இறங்கும்.
கழித்து எழுதித் துண்டைக் கிழித்துக் கொடுப்பேன்.

அந்தத் தராசு பத்துப் பத்துக் கிலோவாகத்தான் எண்ணும்.
அதற்குக் கீழே என்ன நடந்தாலும்
அதற்குக் கவலையில்லை.

மஃறூப் காக்காவின் பழைய பேப்பர் லொறி
மாதத்தில் ஒருக்கால் வரும்.
வாழைச்சேனைக்குப் போகுதோ கொழும்புக்குப் போகுதோ
நான் கேட்டதில்லை.
சாக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒன்றை
ஒரு நாள் உருவினேன்.
முகப்பு இல்லை, பெயர் இல்லை.
ஐந்தாம் பக்கத்திலேயே ஒருவன்
கிணறு வெட்டத் தொடங்கியிருந்தான்.
திரையைப் பார்த்தேன்:
மூவாயிரத்து நானூற்று அறுபது.
எடுக்க முன்னும் அதுதான், எடுத்த பிறகும் அதுதான்.
"ஒண்டும் குறையல்லியே புள்ள, கொண்டு போ" என்றார் காக்கா.

எட்டு வருஷமாக நான் ஒன்றையும் முடித்ததில்லை.
தொடங்கினவை உண்டு.
படுத்தால் போன், எழும்பினால் போன்.
தலைமாட்டுப் புத்தகத்தின் மேல்
தேத்தண்ணிக் கோப்பையின் வட்டங்கள்தான்
வருஷா வருஷம் கூடின.

பெரும்போக அறுவடை.
லொறிகள் கல்முனை வீதி மட்டும் நிற்கின்றன.
ஒன்று பின்வாங்க ஒரு பந்தி,
ஒன்று தார்ப்பாய் அவிழ்க்க அரைப் பக்கம்.
வரியைப் பாதியில் விட்டுப் போய் வந்தால்
கிணறு வெட்டுகிறவன்
ஓங்கிய மண்வெட்டியை இறக்காமல் நிற்பான்.

உகணையிலிருந்து வரும் குணதிலகவுக்குத்
தமிழ் எழுத்துத் தெரியாது, இலக்கம் தெரியும்.
யன்னலால் எட்டி "எத்தினை?" என்றான் முதல் நாள்.
நெல்லின் எடையைச் சொன்னேன்.
தலையை ஆட்டிவிட்டுப்
பக்கத்தின் கீழ் மூலையில் விரலை வைத்தான்.
முப்பத்தொன்று.

அதற்குப் பிறகு வரும்போதெல்லாம் அதே கேள்வி.
அறுபத்தேழு என்றேன்.
அடுத்த முறையும் அறுபத்தேழு.
உதட்டைப் பிதுக்கினான்.
அன்று ராத்திரி போனைக் குசினியில் போட்டுவிட்டு
கரண்ட் போன பிறகும் ரோச் வெளிச்சத்தில்
தொண்ணூறு வரை போனேன்.
"என்ன, சோதினையா?" என்று கேட்டா உம்மா.
"இல்ல, உகணை லொறி" என்றேன்.

இருநூற்று நான்கில் தண்ணீர் வரப்போகிறது.
அவன் மண்ணை அள்ளி முகர்கிறான்,
மேலே நிற்கும் மனைவியைக் கூப்பிட
வாயைத் திறக்கிறான்.
அதற்குப் பிறகு அறுந்த நூலும் காய்ந்த பசையும்.

சனிக்கிழமை நூலகத்துக்குப் போனேன்.
பெயர் தெரியாததை எப்படிக் கேட்பது?
கதையையே சொன்னேன்.
மேசையில் இருந்த ஷிப்றியா பேனையை மூடிவிட்டுக் கேட்டாள்.
பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த இருவரும் கேட்டார்கள்.
"தண்ணி வந்திருக்கும்" என்றார் ஒருவர்.
"வந்திருக்கும், உப்புத் தண்ணி" என்றார் மற்றவர்.
அதில் அவர்களுக்குள் வாக்குவாதம்.

இரண்டு அலுமாரி தேடியும் இல்லை.
மறுகா, "மேசன்ட பொஞ்சாதி கதை ஒண்டு இரிக்கி,
கிணறு இல்ல, பாக்கிறியா?" என்று
மஞ்சள் அட்டை ஒன்றை எடுத்துத் தந்தாள் ஷிப்றியா.
கடைசி முத்திரை ஆறு வருஷத்துக்கு முந்தியது.

எனக்கு அவளைப் பிடிக்கவில்லை, அந்தப் பொஞ்சாதியை.
பன்னிரண்டாம் பக்கம் வந்தும்
இன்னும் சோறு வடித்துக்கொண்டிருக்கிறாள்.

திங்கள் காலை. "எத்தினை?"
"பன்னிரண்டு."
குணதிலக என்னைப் பார்த்தான்.
இருநூற்று நான்கிலிருந்து பன்னிரண்டுக்கா?
விரலைப் பின்னுக்குச் சுழற்றிக் கேட்டான்.
மஞ்சள் அட்டையைத் தூக்கிக் காட்டி
"அலுத்" என்றேன்.
எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பாதி அது.
"மத்தது? முடிஞ்சா?"

நான் வாயைத் திறக்கப்
பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.
எட்டாயிரத்து இருநூற்று நாற்பது என்று எழுதினேன்.
அவனுடைய பின் சில்லு இறங்கியதும்
திரை பூச்சியத்துக்கு வந்தது.
அடுத்தது ஏறுமட்டும்
கஞ்சி சொட்டச் சொட்ட
பானையைச் சரித்தபடி நின்றாள் அவள்.